ரிப்பேர் நாற்காலி

நாற்காலி தூக்குவதில் எனக்கு இணையாக எங்கள் காலனியில் ஒருவரும் கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். தலையில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு கால்களைப் பிடித்துக்கொண்டால் போதும், வெயில்கூடத் தெரியாது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, எங்கள் பஞ்சாயத்துக்குத் தலைவராகி ஆறு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் அத்தை கைப்பையோடு முன்னால் நடப்பாள். பச்சை பிளாஸ்டிக் நாற்காலியோடு நான் பின்னால் போவேன். ஏரிக்கரை ஏறி இறங்கினால் ஊர். ஊர் நடுவில் பஞ்சாயத்து ஆபீஸ். அங்கே வராந்தாவில் நாற்காலியைப் போட்டுவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவேன். சாயங்காலம் மறுபடி தூக்கிக்கொண்டு வருவேன்.

ஆபீசில் நாற்காலி இல்லாமல் இல்லை. தலைவர் அறையில் சுற்றும் நாற்காலி ஒன்று இருந்தது. அது ரிப்பேர் என்று அத்தை பதவியேற்ற அன்றே சொல்லிவிட்டார்கள். அந்த ரிப்பேர் நாற்காலியில் துணைத்தலைவர் உட்கார்ந்திருப்பார். பெரிய குடும்பம், என் அம்மா நாற்று நடப் போவதும் களை எடுக்கப் போவதும் அவர் நிலத்தில்தான். அப்பேர்ப்பட்டவர் அத்தை விழுந்துவிடக்கூடாதே என்று தானே அதில் உட்கார்ந்து கஷ்டப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் தனி மரியாதை. ஒரே ஒரு நாள் எங்கள் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் அது ஆபீசுக்குப் பின்னால் சாக்கடையில் கிடந்தது. நாய் இழுத்துப் போட்டிருக்கும் என்றார்கள். அன்று முழுக்க ஊர் நாய்களைத் திட்டித் தீர்த்தேன்.

ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். அந்தக் கால ராஜாக்களைப் போல இந்தக் காலத் தலைவரால் வெற்றி பெற முடியுமா என்பது தலைப்பு. முடியாது என்று பேச ஊர்ப் பையன் ஒருவன். முடியும் என்று பேச நான். டீச்சர் எனக்கு ராக்கெட், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நடுவில் உத்திரமேரூர்க் கல்வெட்டும் வந்தது. எங்கள் பக்கத்தில் எந்த மேடையில் எதைப் பற்றிப் பேசினாலும் அது வந்துவிடும்.

விழாவன்று மேடையில் காஞ்சிபுரத்து அதிகாரி ஒருவரும் தலைமை ஆசிரியரும் துணைத்தலைவரும் இருந்தார்கள். அத்தை கீழே, நான் தூக்கி வந்த பச்சை நாற்காலியில். அந்தப் பையன் யானைப்படையோடு கங்கைவரை போனான், கப்பலேறிக் கடலைத் தாண்டினான், கைதட்டலை அள்ளிக்கொண்டு இறங்கினான். நான் ஏறியதும் இரண்டு பக்கமும் மறந்துபோயின. ராக்கெட் வரவில்லை, கல்வெட்டும் வரவில்லை. அத்தையைப் பார்த்தேன், நாற்காலி கண்ணில் பட்டது.

"கங்கைக்குப் போன ராஜா சிம்மாசனத்த அரமணையிலயே வுட்டுட்டுப் போனாரு. எங்க அத்த எங்க போனாலும் நாக்காலி கூடவே வரும். தெனம் நான்தான் தூக்கிக்கினு போறேன். ஆபீஸ்ல கீற நாக்காலி ரிப்பேரு. பாவம், துணைத்தலைவர்தான் அதுல உக்காந்துக்கினு கீறாரு."

கைதட்டுவார்கள் என்று நின்றேன். காலனிக்காரர்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். அதிகாரி துணைத்தலைவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். துணைத்தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை கைப்பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பரிசாக வைத்திருந்த சோப்பு டப்பா யானைப்படைக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "வாய வச்சிக்கினு சும்மா கெடக்க மாட்ட? நாளிக்கி நம்மள யாரு நடவுக்குக் கூப்புடுவாங்க?" என்றாள். அம்மா பயந்தபடியேதான் ஆயிற்று. அந்தப் பருவம் முழுக்கப் பக்கத்து ஊருக்கு நடந்துபோய்தான் நாற்று நட்டாள்.

மறுநாள் ஸ்கூல் லீவு. வழக்கம்போல நாற்காலியைத் தூக்கப் போனேன். "அது வூட்லயே இருக்கட்டும்," என்றாள் அத்தை. கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். உளறிக் கொட்டியதற்குத் தண்டனையாக என் வேலையைப் பிடுங்கிவிட்டாள் என்று நினைத்து அழுதுகொண்டே பின்னால் போனேன்.

அத்தை வராந்தாவில் நிற்காமல் நேராக அறைக்குள் போனாள். துணைத்தலைவர் அந்த நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எய்ந்திரிங்க. அது தலைவர் நாக்காலி, நான் உக்காரணும்," என்றாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், அது ரிப்பேர் என்றார். "பரவால்ல, நான் பாத்துக்கறேன்," என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. அத்தை மேசைக்கு எதிரிலேயே நின்றாள். கையெழுத்துக்கு வந்தவர்களிடம், உட்கார்ந்துதான் போடுவேன், கொஞ்சம் இருங்கள் என்றாள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கும் கையெழுத்து வேண்டுமே. அவர்களிலேயே ஒரு பெரியவர், அந்தம்மாவுக்கு இடத்தை விட்டால்தான் என்ன என்று முணுமுணுத்தார். அத்தை காலை மாற்றி மாற்றி நின்றாள். கோட்டையைச் சுற்றி வளைத்து, உள்ளே இருப்பவர்களுக்குப் பசி எடுக்கும்வரை காத்திருந்த ராஜாக்களைப் பற்றிப் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். துணைத்தலைவருக்கு இரண்டு மணிக்குப் பசி வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சாப்பிடப் போனார்.

அத்தை மேசையைச் சுற்றிப் போய் அதில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். சாயங்காலம் ஆபீசைப் பூட்டும்வரை, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அதையெல்லாம் பார்க்க நான் அங்கே இல்லை. அத்தை உட்கார்ந்த அடுத்த நிமிஷமே ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்று, விக்கி விக்கி அழுதேன்.

"அத்தைக்கு அந்த ரிப்பேர் நாக்காலிய குடுத்துட்டாங்கம்மா. எல்லாம் என்னாலதான்."

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அத்தை அதில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அடுப்பை ஊதி ஊதி அம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் உரக்கச் சொன்னேன்.