எதிர்வீடு வரை போன பெட்டி

எனக்கு முன்னால் என் பெட்டி வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. போய்ச் சேர்ந்த இடம் எதிர்வீடு.

அப்போது வளைகுடா நாடு ஒன்றில் எட்டு வருஷமாகப் புவியியல் டீச்சராக இருந்தேன். நம் பாடத்திட்டம், நம் பிள்ளைகள், ஆசிரியர் அறையில் நம் சண்டைகள். வெயில் மட்டும் அவர்களுடையது. என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை, வீடு ஸ்ரீரங்கத்தில். வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறைக்கு வருவேன், பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிடுவேன். திருச்சியில் நான் வேலை பார்த்த பள்ளிகளில் கணக்கு டீச்சருக்கு நேரம் போதாவிட்டால் என் பீரியடைத்தான் பிடுங்கிக் கொடுப்பார்கள். அங்கேயோ நான் துறைத் தலைவி. கதவில் என் பெயர் ஒட்டிய அறை ஒன்று உண்டு. கர்வம்தான், மறைப்பானேன். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அங்கே விசா விதி மாறுவதற்குக் காரணம் ஏதும் தேவையில்லை. ஒரு வருஷம் கைரேகை எடுத்தார்கள், அடுத்த வருஷம் கண்ணைப் படம் பிடித்தார்கள். போட்டோவின் பின்னணி வெள்ளையிலிருந்து நீலமானது, பிறகு நீலம் கூடாது என்றார்கள். அடுத்தது பல்லாகத்தான் இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். பேசிக்கொண்டே வரிசையில் நிற்பதும் பழகிவிட்டது.

அந்த வருஷம் டிக்கெட் எடுத்திருந்த நாள் அஷ்டமி. பட்டறையில் ஒரு போல்ட்டை இரண்டு தடவை முறுக்கிப் பார்க்காமல் விடாத என் கணவர், பஞ்சாங்கத்தை மட்டும் ஒரே பார்வையில் நம்பிவிடுவார். டிக்கெட்டை மாற்ற முடியாது என்றேன். மாற்ற வேண்டாம், பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். பயணம் கெட்ட நாளில் அமைந்துவிட்டால், அதற்கு முந்தைய நல்ல நாளில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் சாவகாசமாகப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

"சும்மா நாலு துணிய வெச்சா கணக்குல வராது. உனக்கு உசிரா இருக்கறது ஏதாவது உள்ள இருக்கணும்" என்றார்.

கல்யாணப் பட்டுப்புடவையைத்தான் அவர் மனதில் வைத்துச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் என் ஒரிஜினல் சான்றிதழ்களை ஃபைலோடு வைத்துப் பூட்டினேன். நல்ல நேரத்தில் அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்வீட்டு மாமி கோலத்தை மிதிக்காமல் வரச் சொல்லி, கூடத்தில் பெருமாள் படத்துக்குக் கீழே இடம் காட்டினார். தனியாக இருப்பவர், கோயில் புறப்பாடு ஒன்று விடாமல் சேவிப்பவர். தெருவில் நல்லது கெட்டதுக்கெல்லாம் தீர்ப்பு அவருடையதுதான்.

அன்று சாயங்காலமே மன்னார்புரத்து விசா ஏஜெண்ட் போன் செய்தார்.

"மேடம், பிளைட் ஏறிடாதீங்க. ரூல் மாத்திட்டாங்க. டீச்சர்ஸ் எல்லாம் சொந்த ஊர்லேர்ந்து புது விசா வாங்கிட்டுத்தான் உள்ள போகணுமாம். டிகிரி ஒரிஜினல் எடுத்துட்டு வாங்க, திரும்ப அட்டெஸ்ட் பண்ணணும்."

பள்ளியிலிருந்தும் தகவல் வந்தது. திறக்கும் நாளன்று நான் வகுப்பில் இல்லாவிட்டால் என் இடத்தை வைத்திருக்க இயலாது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லியிருந்தார்கள்.

எதிர்வீட்டுக்கு ஓடினேன். "வெச்சது வெச்சதுதான் டீச்சர். நடுவுல திறக்கப்படாது" என்றார் மாமி. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, திறக்கலாம். ஆனா இங்கயே திறக்கணும். பெட்டி உங்காத்துக்குத் திரும்பி வரப்படாது." ஃபைலை எடுத்தேன். "எடுத்த இடம் காலியா இருக்கப்படாது. பதிலுக்கு ஒண்ணு வெச்சுடுங்கோ." வீட்டுக்குப் போய் ஒரு புடவையை எடுத்துவந்து வைத்தேன். ஆக, கால் மணி நேரத்துக்குள் மூன்று விதிகள். அந்த நாட்டுக்காரர்கள்கூட அவ்வளவு வேகமாக மாற்றியதில்லை. ஆனால் மாமி ஒவ்வொரு விதியையும் என் முகத்தைப் பார்த்து மாற்றினார்.

அதன்பின் நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் உங்களுக்கே கால் வலிக்கும். நான் பட்டம் வாங்கியது இதே ஊர்க் கல்லூரியில். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும். நான் அங்கே படித்தேன் என்பதைச் சென்னையில் ஒருவர் நம்ப வேண்டும், அவர் நம்பியதை டெல்லியில் ஒருவர் நம்ப வேண்டும், பிறகு தூதரகம் நம்ப வேண்டும். ஒரு முத்திரை வந்து சேருவதற்குள் அதன் பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்பார்கள். "போன வாரம் கேட்டது பழைய ரூல் மேடம்" என்பார் ஏஜெண்ட், ஏதோ நான்தான் தூங்கிவிட்டேன் என்பதுபோல. நல்ல துணியெல்லாம் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதால், வெளியே போகும்போதெல்லாம் மாமி வீட்டுக்குப் போய் ஒரு புடவையை வைத்து ஒரு புடவையை எடுத்துக்கொள்வேன். என் பீரோ தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளைக்கு விசா வந்துவிடும் என்ற நிலையில் ஏஜெண்ட் நேரில் வரச் சொன்னார். போனேன். ஒருநாளும் இல்லாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மேத்ஸ், சயின்ஸ்னா ஒண்ணும் பிரச்னையில்ல மேடம். ஜியாகிரபிக்கு மட்டும் இனிமே அந்த ஊர்க்காரங்கதானாம். நேத்துதான் வந்துச்சு."

நாட்டு எல்லைகளைப் பாடம் நடத்தியவளை எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து வந்து போனார், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெருங்கும்போதுதான் டிக்கெட் கேட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் என் கணவர் முகத்தை முறையாகத் தொங்கப் போட்டுக்கொண்டார். "உனக்குப் போயி இப்படி ஆயிடுச்சே" என்றார். பிறகு கடைக்குப் போனவர் இரண்டு முழம் மல்லிகைப்பூவோடு வந்தார். துக்கம் கேட்க வருகிறவர்கள் பூ வாங்கி வருவதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூவைத் தொடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மறுநாள் பெட்டியை எடுத்துவரப் போனோம். மாமி வாசலிலேயே மறித்தார்.

"நம்பெருமாளே புறப்பாடு ஆயிட்டா மண்டபத்துக்கு எழுந்தருளாம திரும்ப மாட்டார். உங்க பெட்டி மட்டும் பாதி வழியில திரும்பலாமோ? யாத்திரை முடியாம ஆத்துக்குள்ள வரப்படாது."

"யாத்திரையே இல்லைன்னு ஆயிடுச்சே மாமி" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

மாமி மறுபடி என் முகத்தைப் பார்த்தார். வழக்கம்போல விதி மாறியது. "காவேரியைத் தாண்டிட்டா யாத்திரைதான். ரெண்டு பேருமா போயிட்டு வாங்கோ."

இது என்ன கூத்து என்று நினைத்தேன். என் கணவரோ அதற்குள் பெட்டியை உருட்டத் தொடங்கிவிட்டார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறினோம். இரண்டு டிக்கெட், பொன்மலை வரை. விசா, போட்டோ எதுவும் யாரும் கேட்கவில்லை. காவிரிப் பாலத்தின்மேல் வண்டி தடதடத்தபோது அவர் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொன்மலையில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு பட்டறை வாசல் வரை நடந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவர் தினமும் போய்வரும் வாசல். வெளிநாட்டுக்கு எட்டுத் தடவை போய்வந்தவள், அன்றுதான் அதை முதல்முறையாகப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளும் பைக்குமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"நல்லா இருக்கீங்களா? எப்ப வந்தீங்க, எப்பக் கிளம்பறீங்க?"

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களை ஊரில் யாரும் வேறு கேள்வி கேட்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் போயிட்டு வந்துட்டாப்பா" என்றார். எட்டு வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு கணீரென்று ஒலித்து நான் கேட்டதில்லை. இத்தனை வருஷமும் இதைச் சொல்லத்தான் காத்திருந்தாரா என்று நினைத்தபோது கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். மாமி வாசலில் நின்று ஆரத்தி எடுத்தார். உள்ளே வந்ததும் என் கணவர் பெட்டியை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பரண்ல போட்டுடவா?"

"வேணாங்க. கட்டிலுக்கு அடியிலயே இருக்கட்டும். ரூல் மாத்தினாலும் மாத்துவாங்க."

அவர் குனிந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அது சுவரில் போய் முட்டும்வரை தள்ளினார்.