கறியில்லாத பீன்ஸ்

அரியேஜ் மலையடிவாரத்தில், லாவலாத் ஊர்ச் சந்தையில் பாதி ஆயுள் வாத்துக் கறியும் வாத்துக் கொழுப்பும் விற்றவள் வெரான் எஸ்குலான். அறுபதை நெருங்கியதும் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, ஊருக்கு மேலே இருந்த கறுப்பு அங்கிக்காரர்களின் மடத்தில் சேர்ந்தாள். என்றோ போப்பின் ஆட்கள் எரித்துப்போட்ட கத்தார்கள் என்ற பழைய கிறிஸ்தவப் பிரிவினரின் வழியைத் தூசி தட்டி எடுத்த மடம். இந்த உலகத்தைப் படைத்தது கடவுளல்ல, சாத்தான். உடம்பு ஒரு சிறை. கறி, முட்டை, பால் ஆகாது. பொய் கூடவே கூடாது. சந்தையில் மனிதர்களோடு பேரம் பேசியே வளர்ந்த வெரானுக்கு, உலகத்தைப் படைத்தவன் யார் என்ற சேதியில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை.

மடத்துத் தலைவர் ஆல்தெரிக், துலூஸ் நகரத்தில் நீச்சல்குளம் விற்றுக்கொண்டிருந்தவர். அவர் ஒருவரின் தலையில் கைவைத்து ஆசி தந்தால் அந்த ஆன்மா நேரே மேலே போகும். ஆனால் கைவைத்தவர் பிறகு பாவம் செய்தால், தெரியாமல் செய்தாலும், அவரிடம் ஆசி பெற்ற அத்தனை பேரும் விழுவார்கள். செத்து மேலே போனவர்களும் தப்ப முடியாது. அதனால் மடத்தில் யாரும் தன் ஆன்மாவைக் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ஆல்தெரிக்கின் தட்டில்தான்.

ஊர்த் திருவிழாவில் மடத்துக்காரர்களுக்கென்று கறியில்லாமல் பீன்ஸ் சமைத்தார்கள். வழக்கப்படி ஆல்தெரிக் ரொட்டியை ஆசீர்வதித்து முதலில் சாப்பிட, மற்றவர்கள் காத்திருந்தார்கள். வெறும் பீன்ஸுக்கு இத்தனை ருசியா என்று வியந்து அவர் இரண்டாம் தட்டும் வாங்கினார். வெரானுக்கு வாசனையிலேயே விளங்கிவிட்டது. எழுந்துபோய்ச் சமையல்காரி ஜோசெத்திடம் மெல்லக் கேட்டாள்.

“கறி போடலையே,” என்றாள் ஜோசெத். “ஒரு கரண்டி வாத்துக் கொழுப்புதான். அதுகூட இல்லாம பீன்ஸை மனுஷன் திம்பானா?”

அந்தப் பக்கத்தில் கொழுப்பை யாரும் கறிக்கணக்கில் சேர்ப்பதில்லை. வெரானே அப்படிச் சொல்லித்தான் விற்றிருக்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதிரே மடத்துத் தோழி போலெத். அவள் கணவர் பனிக்காலத்தில் சாகக் கிடந்தபோது ஆல்தெரிக்தான் கைவைத்தார். குடித்தே செத்த மனிதர். அவரும் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற நம்பிக்கையில்தான் போலெத்துக்குத் தூக்கம் வந்தது. கரண்டியைத் தூக்கியவள் மூக்கைச் சுளித்தாள்.

“வெரான், நீதான் சரியாச் சொல்லுவே. இது வாத்துக் கொழுப்பு வாசனைதானே?”

எல்லோருடைய கண்ணும் ஆல்தெரிக்கின் தட்டுக்குப் போனது. ஆல்தெரிக் மெல்லுவதை நிறுத்தினார்.

“இல்லடி. பூண்டு கொஞ்சம் கூடிப்போச்சு. சாப்பிடு,” என்றாள் வெரான்.

ஆல்தெரிக் மறுபடி மெல்லத் தொடங்கினார்.

வெரான் யார் தலையிலும் கைவைத்தவளில்லை. தன் பொய்யோடு தனியாக விழலாம். மறுநாளே அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். புலனடக்கம் எல்லாருக்கும் கைகூடாது என்று ஆல்தெரிக் பெருந்தன்மையாக வருத்தப்பட்டார்.

போலெத் வாசல்வரை வந்து அழுதாள். “கொஞ்சம் பொறுத்திருந்தா எங்க வீட்டுக்காரர் இருக்கிற இடத்துக்கு நீயும் வந்திருப்பியே.”

“அவரு அங்க நல்லா இருக்காருல்ல, அது போதும்,” என்று சொல்லிவிட்டு வெரான் மலையிறங்கினாள்.