டிவி சத்தம் யார் காதுக்கு

என் இடது காதில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு இரைச்சல் இருக்கிறது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரி. வலது காதுக்கு ஒன்றுமில்லை.

அப்போது தாராவியில் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில், ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் குர்லாவில் தகரம் அடிக்கும் பிரஸ் கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நான் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறை என்றார், குறைத்தேன். இன்னும் குறை என்றார், குறைத்தேன். மூன்றாவது தடவை வாயால் சொல்லவில்லை. எழுந்து வந்து அறைந்தார். காதுக்குள் துணி கிழிந்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, எப்படி ஆச்சு என்று கேட்டார். குளிக்கிற மோரியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "ஆமா சார், சோப்புத் தண்ணி கெடந்துச்சு" என்றார். எதிர்வீட்டு அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் பாவம், பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். ஐந்து வயது மகளிடமும் அதேதான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டு டிவியில் சத்தம் நாலைத் தாண்டியதில்லை. நான் டிவிக்கு ஒட்டித் தரையில் உட்கார்ந்து, வலது காதை அதன் பக்கம் கொடுப்பேன். முகம் சுவரைப் பார்க்கும், படம் கடைக்கண்ணில் ஓடும். அப்படியே பழகிப்போனது.

முப்பது வருஷம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றதில் அவருடைய காது இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. அவர் வேலையை விட்டு வீட்டில் உட்காரும்போது, அந்தச் சந்து வீடுகளை இடித்துக் கட்டிய பில்டிங்கில் நாலாவது மாடிக்கு வந்திருந்தோம். எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கு எதிரிலேயே வீடு கிடைத்திருந்தது. இப்போது டிவி அறுபதில் அலறியது. அது அவருக்குப் போதவில்லை, எழுபது வைத்தார். பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினார்.

பூனாவில் வேலை பார்க்கிற மகள் லீவுக்கு வந்தபோது தீப்பெட்டி அளவில் ஒரு அடாப்டரும் தலையில் மாட்டுகிற பெரிய ஹெட்போனும் வாங்கி வந்தாள். அடாப்டரை டிவிக்குப் பின்னால் செருகினாள். ஒயர் இல்லாமலே சத்தம் ஹெட்போனுக்குப் போனது. டிவியின் சொந்த சத்தத்தை செட்டிங்கில் போய் அடைத்துவிட்டாள். அப்பாவுக்குக் கண்ணும் சரியில்லை, பொறுமையும் கிடையாது என்பதால் எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். "அம்மா, இந்த பட்டனை அமுக்கினா நீல லைட் மின்னும். கனெக்ட் ஆயிட்டா மின்னாம நிக்கும். அவ்வளவுதான், சிம்பிள்."

வீடு அமைதியானது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார், படம் பார்த்தார், நியூஸ் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு ஊமைப் படம் ஓடியது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் காதருகில் குனிந்து சத்தமாகச் சொன்னேன்.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கல. செத்த நேரம் டிவியில சத்தம் வைக்கட்டா?"

திரும்பிக்கூடப் பார்க்காமல், "உனக்கென்னத்துக்கு? அதான் படம் தெரியுதுல்லா" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். அழுகை வருகிறதோ என்று பார்த்தேன், வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

மகள் விட்டுப்போன சாமான்களில் ஒற்றை இயர்பட் கிடந்தது. ஜோடியைத் தொலைத்துவிட்டு இதையும் வேண்டாம் என்று போட்டிருந்தாள். வலது காதுக்கு உள்ளது. சார்ஜ் போட்டு, மறுநாள் அவர் கீழே டீ குடிக்கப் போன நேரத்தில் பட்டனை அமுக்கினேன். நீல லைட் மின்னி நின்றது. என் காதுக்குள் ஒரு பெண் பேசினாள், அவ்வளவு தெளிவாக. நான் டிவிக்கு நேராக உட்கார்ந்து, நேராக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அந்த அடாப்டர் ஒரு நேரத்தில் ஒருவர் காதுக்குத்தான் சத்தம் அனுப்பும். பட்டனை ஒரு தடவை தட்டினால் அவரை விட்டு என்னிடம் வரும், இன்னொரு தடவை தட்டினால் அவரிடம் போகும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் சும்மா இருக்கவில்லை.

இயர்பட்டை முடிக்குள் மறைத்துக்கொண்டு, தூசி துடைக்கிற சாக்கில் டிவிக்குப் பின்னால் கையை விடுவேன். மேட்ச் முழுக்க அவரைக் கேட்கவிட்டு, கடைசி ஓவரில் பிடுங்குவேன். படத்தில் கொலைகாரன் யார் என்று சொல்லப்போகிற இடத்தில் பிடுங்குவேன். அவர் ஹெட்போனைத் தட்டுவார், கழற்றி ஊதுவார்.

"ஏட்டி, சத்தம் வரலியே?"

நான் போகிற போக்கில் பட்டனைத் தட்டிவிட்டு, ஹெட்போனை வாங்கி என் வலது காதில் வைப்பேன். "நல்லாத்தான கேக்குது! உங்களுக்குக் கேக்கலியா?"

திருப்பிக் கொடுப்பதற்குள் மறுபடி தட்டிவிடுவேன். அவர் மாட்டிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. முகம் வெளுத்துவிடும். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க இனித்தது.

ஒரு மாசம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காது டாக்டர்ட்ட போனேன். அடுத்த வாரம் டெஸ்ட் எடுக்கணுமாம்" என்றார். "எனக்கு அடியோட போச்சுன்னு நெனைக்கேன் பிள்ள. வேற ஒருத்தருக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலன்னா அப்புறம் என்ன?"

என் கை முடிக்குள் இருந்த இயர்பட்டுக்குப் போனது.

"அந்த டாக்டரு கேக்கான், காதுல எப்பவாவது அடி பட்டிருக்கான்னு." லேசாகச் சிரித்தார். "என்னை யாரு அடிக்கப்போறா?"

நான் இயர்பட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "சத்தத்தை நிறுத்துனது நான்தான். ஒரு மாசமா நான்தான் நிறுத்துறேன்" என்றேன்.

"என்னது?"

அவருக்குக் கேட்கவில்லை. குரலை உயர்த்தினேன். அப்போதும் "என்னட்டி சொல்லுத?" என்றார். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நான்தான் நிறுத்துனேன்! என் காதைக் கிழிச்சீங்கள்லா, அதுக்கு! டிவி சத்தத்துக்கு அறைஞ்சீங்கள்லா, அதுக்கு!"

எங்கள் மாடியில் சாயங்காலம் யாரும் கதவைச் சாத்துவதில்லை. வராந்தாவில் பேச்சு நின்றது. அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்."

"மெதுவாப் பேசினா உங்களுக்குக் கேக்காதே!"

அதற்குமேல் எனக்கே நிறுத்தத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், பக்கத்தில் நின்று அவர் சொன்ன பொய், சுவரைப் பார்த்துக்கொண்டு டிவி பார்த்தது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னேன். அவருக்குக் கேட்டால் நாலாவது மாடிக்கே கேட்கும். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்போ நீ வழுக்கி விழலியா?" என்றாள் என்னிடம்.

"இல்லக்கா."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. "அதெல்லாம் எப்பவோ நடந்தது" என்றார் தரையைப் பார்த்து. மறந்துவிட்டதாகவும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி நான் சமைக்கவில்லை. அக்கா வந்து எனக்கு மட்டும் ஒரு தட்டில் சோறு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் அவர் கீழே இறங்கவில்லை. பில்டிங் வாசல் பெஞ்சில் அவரோடு உட்காருகிறவர்கள் எல்லாரும் பழைய சந்துக்காரர்கள், அவர்கள் வீடுகளுக்கும் செய்தி போயிருந்தது. எதிர்வீட்டு அக்கா அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மகளிடம் நானே போனில் சொன்னேன். "இத்தனை வருஷம் ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று அழுதாள். இரண்டு மாசம் அப்பாவிடம் பேசவில்லை. முன்பானால் நான்தான் நடுவில் புகுந்து ராசியாக்குவேன். இந்தத் தடவை புகவில்லை.

டெஸ்டுக்கு நான் கூடப் போனேன். காது முன்பு இருந்த மாதிரிதான் இருக்கிறது, புதுசாக ஒன்றும் கெடவில்லை என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அன்றும் வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி அடாப்டர் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் டிவி எனக்கு. அவர் அந்த நேரத்தில் மாட்டுங்கா பக்கம் நடந்துவிட்டு வருவார். எட்டு மணிக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் எழுந்து பட்டனைத் தட்டுகிறவரை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சில நாள் நான் எழுந்திருக்க எட்டேகால் ஆகும்.