கேத்தில் கல்

எண்பத்து மூன்றில், கலவரத்துக்குப் பிறகு, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கி, இணுவிலில் என் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கொழும்பில் வீடு எரிந்ததைப் பற்றி என் கணவர் ஒரு சொல் கதைக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்வதற்கு மட்டும் அவருக்கு வாய் ஓயவில்லை. சவர்க்காரம் நுரைக்காதாம், தலைமயிர் தும்பாகப் போகுதாம், தேத்தண்ணியில் ஆடை படருதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தானே நான்.

அப்போது எனக்கு வயிற்றில் பிள்ளை. அது பிறக்குமுன் கொழும்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். "உங்கடை கல்லுத் தண்ணியிலை பிள்ளை வளர்க்கேலாது," என்பார். எனக்கோ கொழும்பு என்றாலே நெஞ்சு பதறும். கட்டிலுக்குக் கீழே அவருடைய சூட்கேஸ் பிரிக்காமலே கிடந்தது. வீடு கூட்டும்போதெல்லாம் அதை விளக்குமாற்றால் ஒரு இடி இடிப்பேன்.

மாரி தொடங்கிய நேரம், வெளிநாடு போன அயல்வீட்டுக்காரர் ஒரு கண்ணாடி மீன்தொட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். என் கணவர் கொழும்பில் மீன் வளர்த்த மனிதர். அதைக் கண்டதும், வந்த நாள் முதல் உட்கார்ந்திருந்த கதிரையை விட்டு எழும்பினார். வயல் வாய்க்காலில் சின்ன மீன்களும் நத்தைகளும் பிடித்து வந்தார். தண்ணீருக்கு மட்டும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. கூரைப் பீலிக்குக் கீழே அண்டாவை வைத்து மழைத்தண்ணீர் பிடித்தார். "உதுகளுக்காவது நல்ல தண்ணி கிடைக்கட்டும்," என்றார்.

சில கிழமைகள் போக நத்தைகளின் ஓடு வெளுத்துக் குழி விழுந்தது. ஒன்று செத்தும் போனது. கல்சியம் காணாது, போதவில்லை என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முட்டைக்கோதை இடித்துப் போடலாம், கணவாய் மீனின் ஓட்டை உடைத்துப் போடலாம், எல்லாம் செலவில்லாத வைத்தியம் என்றார். ஆனால் என் அம்மா சுத்த சைவம்.

"தம்பி, முட்டைக்கோது இந்தப் படலைக்குள்ளை வரக்கூடாது," என்றார் அம்மா.

"கணவாய் ஓடு, மாமி? அது வெறும் ஓடுதானே."

"கணவாயின்ரை ஓடெல்லே?"

அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அம்மாவின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு சைவம்தானே என்று, என் கணவர் அதில் ஒரு உருண்டை எடுத்துத் தொட்டிக்குள் கரைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. இருவருமாகத் தேத்தண்ணி வடியால் மீனையும் நத்தையையும் அள்ளி அள்ளி வாளிக்கு மாற்றினோம். அந்த வடியை அம்மா பிறகு குசினிக்குள் எடுக்கவே இல்லை.

தொட்டியைக் கழுவித் திரும்பவும் மழைத்தண்ணீர் நிரப்பியபின், அவருடைய பார்வை கிளினிக்கில் எனக்குத் தந்த கல்சியம் குளிசைகளில் விழுந்தது.

"ஒண்டே ஒண்டு தாருமன்," என்றார்.

"என்ரை பிள்ளையின்ரை எலும்பை நத்தைக்குக் குடுக்கப் போறியளோ?"

அவர் சிரித்துவிட்டார். கப்பலால் இறங்கியபின் அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். குளிசையை நான் கொடுக்கவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. இந்த நத்தைகளும் செத்தால் மனிதர் திரும்பவும் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவார், அங்கிருந்து எழும்பினால் சூட்கேஸைத்தான் தூக்குவார் என்று பட்டது.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலை உரஞ்சிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்திலுக்குள் வெள்ளையாகக் கல் படியும். கரண்டிக் காம்பால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். எறியப் போனவள் நின்றேன். அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன்.

"இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

விரலால் நுள்ளிப் பார்த்தார். "கல்சியமெல்லே. எங்கை எடுத்தனீர்?"

"கேத்திலுக்குள்ளை. நீங்கள் குறை சொல்லுற தண்ணி தந்தது. முட்டையுமில்லை, கணவாயுமில்லை. சுத்த சைவம்."

அவர் கல்லைக் கழுவித் தொட்டியில் போட்டார். சுண்ணாம்பைப் போல அது ஒரேயடியாகக் கரையவில்லை. மீன்கள் தம்பாட்டில் திரிந்தன, நத்தைகள் கல்லில் ஏறி மேய்ந்தன. பிறகு நான் பார்க்காத நேரமாகப் பார்த்து, செம்பு செம்பாகக் கிணற்றுத் தண்ணீரும் விடத் தொடங்கினார். நானும் பார்க்காத மாதிரியே இருந்தேன்.

மார்கழி முடியுமுன் நத்தை ஓடுகளின் விளிம்பில் புதிதாக, வழவழவென்று ஒரு வளையம் வளர்ந்திருந்தது. பழைய குழிகள் அப்படியே இருந்தன. தொட்டிக் கண்ணாடியில் பசை போல நத்தை முட்டைகளும் ஒட்டியிருந்தன. அம்மாவுக்கு அதை நாங்கள் சொல்லவில்லை.

ஒரு காலை அவர் கிணற்றிலிருந்து வாளி நிறைய அள்ளிவந்து, என் முன்னாலேயே தொட்டிக்குள் ஊற்றினார்.

"ஆசுப்பத்திரிக்கு எப்ப வரச் சொன்னவை?"

"தை கடைசியிலை."

"அப்ப இஞ்சையே பிறக்கட்டும்," என்றார். "பிள்ளைக்கு எங்கடை கிணத்துத் தண்ணி காணும்."

எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில்தான். அன்று பின்னேரம் அவரே சூட்கேஸை இழுத்துத் திறந்து தன் சேட்டுகளை அலுமாரியில் அடுக்கினார். வெறுமையான பெட்டிக்குள் நான் பிள்ளைத் துணிகளை மடித்து வைத்தேன்.