வேலையை விட்டவர் போனில் பச்சை பட்டன்

போன வாரம் ஒரு போன்.

"சார், ரேவதி பேசுறேன். லைன் லீடரா இருந்தேனே... வேலைய வுட்டு நாலு நாள் ஆவுது. உங்க ஆப்பு இன்னும் என் போன்ல தொறந்துக்கினு கீது சார்!"

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஒரு பிரஸ் கம்பெனிக்கு ஆப் எழுதிக் கொடுத்தவன் நான். மெஷின் ரிப்பேர் என்றால் ஃபிட்டர் உள்ளே கை விடுவார். வேலை முடிந்ததும் லைன் லீடர் நேரில் பார்த்துவிட்டு, தன் போனில் பச்சை பட்டனை அழுத்த வேண்டும். அப்புறம்தான் மெஷின் ஓடும்.

"உங்க அக்கவுன்ட்டை அன்னிக்கே மூடிட்டோமேம்மா..."

"இன்னாத்த மூடினீங்க? இப்போ ரெண்டாம் நம்பர் பிரஸ்ஸு ரிப்பேர்னு காட்டுது. நான் ஆர்.கே.பேட்டையில, ஊட்டுல கீறேன். யாராவது தெரியாம அமுக்கிட்டா, உள்ள கை வுட்டவன் கதி?"

லேப்டாப்பைத் திறந்து பார்த்ததும் புரிந்தது.

விஷயம் இதுதான். பாஸ்வேர்டு போட்டதும் சர்வர் ஒரு டோக்கன் தரும். பொருட்காட்சி வாசலில் கையில் குத்தும் முத்திரை மாதிரி. அதன்பின் முத்திரையைத்தான் பார்ப்பார்கள், ஆளை அல்ல! கிரீஸ் கையோடு பாஸ்வேர்டு அடிக்க முடியவில்லை என்று லைன் லீடர்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு திட்டினார்களே என்று, அந்த டோக்கனுக்கு முப்பது நாள் ஆயுள் கொடுத்திருந்தேன். அக்கவுன்ட்டை மூடினேன்... டோக்கனை மறந்தேன்.

உடனே கம்பெனிக்குப் போன் போட்டு அந்த பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். எல்லா டோக்கனையும் ரத்து செய்தேன்.

"நீங்க ஆப்பை அழிச்சிட்டு சும்மா இருந்திருக்கலாமே?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"எனக்கு முன்னாடி வேலைய வுட்டு நின்னவங்க போன்லயும் இருக்குமே சார்!"

இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

ரேவதி சந்தோஷமாக விலகியவர் இல்லை. அம்மாவின் ஆபரேஷனுக்கு லீவு கேட்டார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். கடைசி நாள் கேட்டில் ஐ.டி. கார்டு, ஷூ, லாக்கர் சாவி எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். டோக்கனைக் கேட்க யாருக்கும் தெரியவில்லை, எழுதிய எனக்குக்கூட!

"கம்பெனி மேல கோபம் இல்லையா?"

"இல்லாம? மேனேஜர் மேல நெறைய கீது. அதுக்கு ஃபிட்டர் இன்னா பண்ணுவாரு சார்?"

அந்த ஃபிட்டருக்கு இது எதுவும் தெரியாது. அன்று மதியம் வழக்கம்போல் கை கழுவிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்திருப்பார். அவருக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்... நன்றி ரேவதி!