சூனியக்காரிக்கு முதல் பரிசு

எங்கள் தெருவில் அப்போது இரண்டு சூனியக்காரிகள் இருந்தோம். ஒருத்தி நான்; எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். இன்னொருத்தி என் அத்தை. அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாதிக்கு மேல் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள். நான் ஜெயங்கொண்டத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாவது படித்தேன். ஐப்பசி மழையில் பிள்ளைகளெல்லாம் சளியோடு வரும் நேரத்தில் அங்கே ஹாலோவீன் கொண்டாடினார்கள். பேய் வேஷம் போட்டு, முகம் செதுக்கிய பூசணிக்காயோடு வரவேண்டும் என்று உத்தரவு. அப்பா கடைத்தெருவெல்லாம் அலைந்து, புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுவார்களே, மீசையும் கோரைப்பல்லும் வரைந்த வெள்ளைப் பூசணி, அதை வாங்கிவந்தார். முகம்தானே கேட்டார்கள், இதில் முகம் இருக்கிறதல்லவா என்பது அவர் கட்சி. சும்மா சொல்லக்கூடாது, மேசையில் வைத்த பூசணிகளில் அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

எனக்குச் சூனியக்காரி வேஷம். கறுப்புப் பாவாடை, அட்டைத் தொப்பி, கையில் தென்னந்துடைப்பம். மிஸ் அந்த நாளின் கதையையும் சொன்னார். குளிர் நாடுகளில் அறுப்பு முடிந்து இருட்டுக்காலம் தொடங்கும்போது செத்தவர்கள் தங்கள் வீட்டைத் தேடி வருவார்கள் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். நெருப்பு மூட்டி, தின்பதற்கு ஏதாவது எடுத்துவைப்பார்களாம். பிற்பாடு திருச்சபையும் அதை ஒட்டியே சகல புனிதர் திருநாளையும் கல்லறைத் திருநாளையும் வைத்துக்கொண்டதாம். தனியாக வாழ்ந்த பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லி எரித்ததும் உண்டாம். வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

அத்தை, அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்குப் பிறந்தது ஒரே பெண், இங்கே தாய்வீட்டுப் பிரசவத்தில். பிறந்த அன்றே போய்விட்டது; ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மந்திரித்த மண்ணில் கிடக்கக் கூடாதென்று ஊர்ப் பெரியவர்கள் அதைக் கல்லறை வேலிக்கு வெளியே, கருவேல மரத்தடியில் புதைக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தை நினைத்தபோதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். வருஷத்துக்கு ஒருநாள் கல்லறைக்குப் போனால் பக்தி, அடிக்கடி போனால் சூனியம். பக்கத்துவீட்டுப் பெரியம்மாவின் மாட்டுக்குப் பால் வற்றியதற்கும் அத்தைதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். மாட்டுக்கு வயசாகிவிட்டது என்று சொல்ல ஒரு வாய்கூட இல்லை.

பரிசோடு வீட்டுக்கு வந்து மிஸ் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினாள்.

"செத்தவங்க வூட்டுக்கு வருவாங்களாமா? இன்னிக்கா?"

ஆமாம் என்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தை பாலைக் காய்ச்சி, பச்சைப்பிள்ளைக்கு ஆற்றுவதுபோல ஆற்றி, ஒரு டம்ளரில் ஊற்றிக் கொல்லைப்படியில் வைத்தாள். வேலிக்கு மேலே பக்கத்துவீட்டுப் பெரியம்மாவின் தலை தெரிந்தது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

மறுநாள் கோயில் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஊரே பயப்படுகிறது, இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அக்கா வரவேண்டாம் என்றார்கள். என் வேஷத்தைப் போனில் பார்த்துவிட்டு, கைதட்டும் படம் அனுப்பியவர்களும் இவர்கள்தான். அப்பா தலையாட்டிவிட்டார். ஒரு வருஷம்தானே, நானே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று அத்தையிடம் கெஞ்சினார். அத்தை சுண்ணாம்பு வாளியைக் கலக்குவதை நிறுத்தாமல், சத்தமும் போடாமல் சொன்னாள்.

"சூனியக்காரின்னே வச்சுக்குங்க. சூனியக்காரி பெத்தாலும் அது புள்ளதான்."

திருநாளன்று சாயங்காலம் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள். ஓரமாகப் போனால் என்ன என்று அம்மா முணுமுணுத்தாள். நான் கோழிக்கொண்டைப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். யாரும் எங்களைத் தடுக்கவில்லை; தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். கருவேல மரத்தடி மண்மேட்டுக்கு அத்தை வெள்ளையடித்தாள். பூ வைத்தாள்.

பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக நின்று, இறந்தவரின் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லி ஜெபித்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசை முடிந்து திரும்பப் போனார்.

"சாமி, இங்க இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை கூப்பிட்டாள்.

பெரியவர் ஒருவர் சாமியாரின் காதில் ஏதோ சொன்னார். அத்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. முள்கம்பியைக் கையால் இழுத்து, காலால் மிதித்து, ஆள் தாண்டும் அளவுக்கு வழி பண்ணினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. மிதித்த காலை எடுக்காமல் அப்படியே நின்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கைதட்டவேண்டும் போலவும் இருந்தது. சாமியார் ஊருக்குப் புதிதாக வந்த இளவயதுக்காரர். கூட்டத்தைப் பார்த்தார், அத்தையின் காலைப் பார்த்தார், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டிவிட்டார்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

பெயர் சூட்டாத பிள்ளை அது. அத்தை கொஞ்சமும் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னாள்.

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்து, தீர்த்தத்தைத் தெளித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குத்துக்கல் மாதிரி உயிரோடு நிற்கிறேன், என் பெயரைக் கல்லறையில் சொல்கிறார்கள். பக்கத்துவீட்டுப் பெரியம்மா என்னை இழுத்து அணைத்து நெற்றியில் சிலுவை போட்டாள். வீடு வரும்வரை நான் அத்தையின் கையைப் பிடிக்கவில்லை. என் பெயரைப் பறித்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன். என் ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானத்தாயாக நின்றது அத்தைதான், பெயர் வைத்ததும் அவள்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பெயரை அவள் முதலில் யாருக்காக எடுத்துவைத்திருந்தாள் என்பது மட்டும் தெரியவில்லை.