பஸ்ஸில் போன அனடேஸ்

கரிவலம்வந்தநல்லூர் தாண்டும்போது லேப் ஜூனியர் போன் செய்தாள். "அக்கா, சீக்கிரம் முடியட்டும்னு ஃபர்னஸ்ல சூட்டைக் கூட்டிட்டேன்."

போச்சு. என் டைட்டானியம் ஆக்சைடு மொத்தமும் அனடேஸ் என்ற படிக அமைப்பிலிருந்து ரூட்டைல் என்ற வேறு அமைப்புக்கு மாறிவிட்டது. தீசிஸே அனடேஸை நம்பித்தான். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

நான் அழுவதைப் பார்த்துப் பக்கத்து சீட் பூக்கார அக்கா விசாரித்தார். சொன்னேன்.

"ஆற வச்சா பழையபடி வந்துராதா?"

"வராதுக்கா."

"இப்ப பாக்க எப்படி இருக்கு?"

"அதே வெள்ளைப் பொடிதான்."

"பொறவு என்ன மக்கா, அதையே குடு. யாருக்குத் தெரியப் போவுது?"

சங்கரன்கோவிலில் இறங்கியதும் கைடுக்குப் போன் போட்டேன்.

"பழைய அனடேஸ் சாம்பிளோட எக்ஸ்ரே கிராஃபையே தீசிஸ்ல ஒட்டி அனுப்பும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

பூக்கார அக்காவுக்கு அனடேஸ் தெரியாது. எனக்கு அனடேஸைச் சொல்லிக்கொடுத்ததே இந்தக் கைடுதான்.

இப்போ நான் யாரிடம் போய் அழ, சொல்லுங்க?